அமெரிக்காவில் அடுத்தடுத்த பள்ளி மாவட்டங்களின் (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) ஹைஸ்கூல் தேர்ச்சி விகிதம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 100 பேர் சேர்கிறார்கள். 10 பேர் வேறு பள்ளிக்குப் போகிறார்கள், 5 பேர் புதிதாக வருகிறார்கள். மிஞ்சும் 95 பேரில் 80 பேர் நான்கே ஆண்டில் டிப்ளமா (ஹைஸ்கூல் முடித்த சான்றிதழ்) வாங்கினால் விகிதம் 84%. ஐந்தாம் ஆண்டில் முடிப்பவரும், ஜிஇடி என்ற ஹைஸ்கூலுக்கு இணையான தேர்வு எழுதியவரும் இதில் சேரமாட்டார்கள். இடம் மாறியவருக்கு முறையான ஆவணம் இல்லையென்றால் அவரும் முடிக்காதவர்தான். என்னைக் கேட்டால், பாதிக் குழப்பம் இந்த ஆவணத்தில்தான்!

அப்புறம், 20 பேரே உள்ள குட்டி மாவட்டத்தில் ஒருவர் நின்றுவிட்டாலே 5% சரியும். டிப்ளமாவுக்குப் படித்து முடிக்க வேண்டிய பாடங்களும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நாட்டுச் சராசரி 2010-11இல் 79%, 2021-22இல் 87%.