எச்.எம்.எஸ். எம்பயர் மெக்அல்பைன் மணியை வாங்கலாமா?

கேள்வி: பழைய கப்பல் பொருள்களைச் சேகரிக்கிறேன். ‘எச்.எம்.எஸ். எம்பயர் மெக்அல்பைன்’ என்று பொறித்த பித்தளை மணி விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானம் சுமந்த சரக்குக் கப்பலாம். தரகர் சான்றிதழ் தருகிறார், முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த எச்.எம்.எஸ். (பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் என்பதற்கான அடையாளம்) ஒன்றே போதும், சந்தேகப்பட.

கப்பல் நிஜம்தான். ஸ்காட்லாந்தின் பர்ன்டைலண்டில் கட்டப்பட்டு 1943 ஏப்ரலில் பணிக்கு வந்தது. அடியில் தானியம், மேலே ஓடுதளம், நான்கு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள். அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகளைத் துரத்த இப்படி 19 கப்பல்கள் இறங்கின: 6 தானியக் கப்பல்கள், 13 எண்ணெய்க் கப்பல்கள். விமானிகள் கடற்படைக்காரர்கள். ஆனால் மெக்அல்பைனின் கேப்டனும் மாலுமிகளும் வணிகக் கப்பல்காரர்கள், பறந்ததும் வணிகக் கப்பலின் சிவப்புக் கொடி. விமானிகளிலேயே சிலர் விமானத்தில் இருந்த ‘ராயல் நேவி’யை அழித்துவிட்டு ‘மெர்ச்சன்ட் நேவி’ என்று எழுதிக்கொண்டார்கள். எச்.எம்.எஸ். என்பது கடற்படைக் கப்பலுக்கு உரியது. மெக்அல்பைனுக்கு அது கிடையாது.

இதைச் சொன்னதும் தரகர், எச்.எம்.எஸ்ஸும் எம்பயரும் சேர்ந்து நின்ற ஆடாசிட்டி என்ற இன்னொரு கப்பலைக் காட்டுவார், அதனால் அதை விளக்கிவிடுகிறேன். ஹனோவர் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலை 1940 மார்ச்சில் பிரிட்டிஷார் பிடித்தார்கள். பிறகு அது எம்பயர் ஆடாசிட்டி ஆனது. ஓடுதளம் போட்டு 1941 ஜூனில் கடற்படையிலேயே சேர்த்தபோது எச்.எம்.எஸ். எம்பயர் ஆடாசிட்டி. ஜூலை முடிவதற்குள் ‘எம்பயர்’ போய்விட்டது. எச்.எம்.எஸ்ஸும் எம்பயரும் அதில் சேர்ந்து நின்றது சில வாரங்கள்தான். அந்த டிசம்பரில் யூ-751 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. அது கடற்படைக் கப்பல், மெக்அல்பைன் அப்படியல்ல. ஒன்றைக் காட்டி மற்றதை விற்க விடாதீர்கள்.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் தளங்கள், கையெழுத்துப் போட்டவர் யார் என்றுகூடக் கேட்பதில்லை. எத்தனை முறை புகார் எழுதினாலும் அதே பொருள் வேறு பெயரில் திரும்ப வருகிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

மணி எந்தக் கப்பலுடைப்புத் தளத்திலிருந்து, எந்த ஆண்டு, யார் கை வழியாக வந்தது, பழைய ரசீது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். போருக்குப் பின் மெக்அல்பைன் பெயர் மாறிச் சாதாரணச் சரக்குக் கப்பலாக ஓடியது, அந்தக் காலத்தில் இந்த மணி எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். முன்பணம் ஏற்கெனவே போயிருந்தால், விளம்பரத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். கேள்வி கேட்ட மறுநாள் அது அங்கே இருக்காது.