வாசகர் கேள்வி – பதில்: ஒரே யன்னலில் இரண்டு காற்றுகள்

கேள்வி: "பகலில் கடற்காற்று, இரவில் தரைக்காற்று என்று பாடசாலையில் படித்தேன். ஆனால், ஆடி மாதத்தில் நள்ளிரவிலும் எங்கள் வீட்டுக்குள் கடற்பக்கமிருந்தே காற்று வருகிறது. நான் படித்தது பிழையா?"
— வெள்ளவத்தை வாசகி ஒருவர்

பதில்: படித்ததும் சரி, நீங்கள் கண்டதும் சரி. உங்கள் யன்னலுக்கு வருவது ஒரு காற்றல்ல, இரண்டு. ஆடியில் பகலில் அவை இரண்டும் கடற்பக்கமிருந்தே வருகின்றன, இரவில் ஒன்று மற்றதை அடக்கிவிடுகிறது. அதனால்தான் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது.

முதலாவது, உள்ளூர்க் காற்று. நண்பகலில் காலிமுகத்திடலில் வெறுங்காலுடன் நின்றால் தரை சுடும். சில அடிகள் இறங்கிக் கடல்நீரில் கால் வைத்தால் குளிரும். ஒரே வெயில்தான் இரண்டிலும் விழுகிறது. ஆனால், தரையில் மேற்பரப்பு மட்டுமே சூடாகிறது. கடலிலோ அந்த வெப்பம் ஆழத்துக்கும் பரவிக் கலந்துவிடுகிறது, அத்துடன் நீர் சூடாவதற்கு அதிக வெப்பமும் தேவை. சூடான தரைக்கு மேலுள்ள காற்று விரிந்து எழ, அங்கே அமுக்கம் குறைந்து, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் ஓட்டம் திசை மாறுகிறது.

இரண்டாவது, சோளகம், அதாவது தென்மேல் பருவக்காற்று. இதையும் இயக்குவது தரைக்கும் கடலுக்கும் இடையிலான அதே வெப்ப வேறுபாடுதான். ஆனால் இங்கே தரை என்பது ஆசியக் கண்டம், கடல் என்பது இந்து சமுத்திரம், பகலும் இரவும் என்பவை கோடையும் குளிர்காலமும். வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உருவாகும் தாழமுக்கம் இரவு வந்ததும் மறைவதில்லை, மாதக்கணக்கில் நிலைக்கிறது. ஆகவே, கொழும்பில் மெல்லிய தரைக்காற்று எழ முயன்றாலும் சோளகம் அதை மேவிவிடுகிறது.

இந்தக் காற்று தென்மேற்கிலிருந்து வருவது ஏன் என்பதற்குப் பூமியின் சுழற்சியே விடை. மத்திய கோட்டில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. 30 பாகை அகலக்கோட்டில் அது ஏறத்தாழ 1,450 கிலோமீற்றர் மட்டுமே. தென் அரைக்கோளத்திலிருந்து மத்திய கோட்டை நோக்கி வரும் காற்று, தனக்குக் கீழே விரைந்து சுழலும் நிலத்துக்குப் பின்தங்கி, தென்கிழக்கிலிருந்து வரும் தென்கீழ் வியாபாரக் காற்றாக வீசுகிறது. மத்திய கோட்டைக் கடந்து வடக்கே ஏறும்போது நிலைமை தலைகீழாகிறது: காற்று நிலத்தை முந்திக் கிழக்கே சாய்ந்து, தென்மேற்கிலிருந்து வருவதாகிறது. எனவே, உங்கள் யன்னல் திரையை அசைக்கும் சோளகம் மத்திய கோட்டுக்கு அப்பாலிருந்து புறப்பட்ட காற்று. வியாபாரக் காற்றுகளின் திசைக்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று ஆங்கிலேயரான ஜோர்ஜ் ஹட்லி 1735 இலேயே எழுதினார். அவரது விளக்கத்தில் குறைகள் இருந்தன, அவற்றைத் திருத்தும் கணிதத்தை 1835 இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொரியோலிஸ் தந்தார்.

கொழும்பு இந்தக் காற்றை நன்கறிந்த நகரம். சோளகக் காலத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் அலையில் அலைக்கழிந்ததால்தான், 1875 இல் அடிக்கல் நாட்டி, 1885 இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் கட்டி முடிக்கப்பட்டது.

நீங்கள் படித்ததைக் கண்ணால் காண விரும்பினால் தை மாதம் வரை பொறுத்திருங்கள். அப்போது வாடை, அதாவது வடகீழ் பருவக்காற்று, தரைப்பக்கமிருந்து வீசும். விடியற்காலையில் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி கடலை நோக்கிப் பறக்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்ததும் அதே துணி வீட்டை நோக்கித் திரும்பும். ஒரே நாளில் நிகழும் இந்த மாற்றம், உள்ளூர்க் காற்று தனியாக இயங்குவதற்குத் தெளிவான சான்று.

கேள்வி: "மட்டக்களப்பிலுள்ள என் தாயார், ஆனி ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசுகிறது என்கிறார். அதுவும் சோளகம்தானா?"
— கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்

பதில்: ஆம். ஈரத்தோடு வரும் சோளகம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி, வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரக்காற்று ஏறும்போது, நீராவி ஒடுங்குகையில் வெளிவிடும் வெப்பத்தால், 1,000 மீற்றருக்கு 5 முதல் 6 பாகை செல்சியஸ் வரையே குளிர்கிறது. மறுபுறம் இறங்கும் உலர்காற்றோ அதே தூரத்துக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. இந்த வித்தியாசமே உங்கள் தாயார் உணரும் அனல். பிற்பகலில் கிழக்குக் கடலிலிருந்து கடற்காற்று எழுந்து, கச்சானை எதிர்த்து உள்ளே வரும் நாட்களில் அவருக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும்.