தலைவலியோடு வீட்டிலேயே இருந்தவர்கள்

கேள்வி: கொரோனா முதல் அலையின்போது என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். "லேசான அடிதான், ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும்" என்று வர மறுத்துவிட்டார். ஐந்து வாரம் கழித்து நடை தள்ளாடி, பேச்சு குழறியபோதுதான் கூட்டிப்போனோம். மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை எடுத்தார்கள், பிழைத்துவிட்டார். அந்த மாதங்களில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுகளுக்கு அவசர நோயாளிகள் வருவது குறைந்தது என்று படித்தேன். நோய் குறைந்ததா, ஆட்கள் வரவில்லையா? முதல் நாளே போகாதது எங்கள் தவறா? – ஒரு வாசகி

பதில்: முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். அதற்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ஓடும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியில் அவை கசியும். ரத்தம் வாரக்கணக்கில் மெல்லச் சேர்ந்து பிறகுதான் மூளையை அழுத்தும். முதல் நாளே ஸ்கேன் எடுத்திருந்தாலும் அதில் எதுவும் தெரியாமல் போயிருக்கலாம். தள்ளாட்டம் தெரிந்ததும் கூட்டிப்போனீர்கள், அதுதான் முக்கியம். குற்றவுணர்ச்சி வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விக்கு: இரண்டுமே நடந்தன. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகின் பல நாடுகளில் சாலைகள் வெறிச்சோடின. வண்டியில் அடிபட்டுத் தலைக்காயத்தோடு வருபவர்கள் உண்மையிலேயே குறைந்தார்கள். ஆனால் மூளை ரத்தக்குழாயில் உள்ள வீக்கம் வெடிப்பதற்கும் ஊரடங்குக்கும் என்ன சம்பந்தம்? எமர்ஜென்சியிலிருந்து ஃபோன் வராத இரவுகளில் எனக்கு நிம்மதி வரவில்லை. வரவேண்டியவர்கள் எங்கே என்ற பயம்தான் வந்தது.

அவர்கள் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். அந்த வீக்கம் முதலில் லேசாகக் கசியும்போது பிடரியில் இடி விழுந்ததுபோல் தலைவலி வரும், பிறகு கொஞ்சம் தணியும். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதற்குள் வந்திருந்தால் அந்த வீக்கத்தை அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்ற நிலையில் இருந்தவர்கள், நினைவு தப்பிய பிறகு வந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வந்தவர்களுக்கான சிகிச்சையும் மாறியது. மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் வேகமாகச் சேர்ந்துகொண்டிருப்பவருக்குக் கொரோனா பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது. தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு, முழுப் பாதுகாப்பு உடையில் தியேட்டருக்குள் போனோம். எலும்பைத் துளைக்கும்போது பறக்கும் துகள்கள், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டியை மூக்கு வழியாக எடுப்பது இரண்டுமே தொற்று பரவுமோ என்று அப்போது பெரும் அச்சம் தந்தன. அந்தக் கட்டி பார்வை நரம்பை அழுத்திப் பார்வை மங்கத் தொடங்காதவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தோம். ஐசியூ படுக்கையும் வென்டிலேட்டரும் கொரோனா நோயாளிகளுக்கே போதாமல் இருந்தபோது வேறு வழியும் இல்லை.

தள்ளிவைத்ததற்கு மருத்துவக் காரணமும் உண்டு. 24 நாடுகளில், தொற்றோடு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,128 பேரைப் பற்றிய ஆய்வு 2020 மே மாதம் வெளியானது. 30 நாட்களுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்திருந்தது. தொற்று வந்தவர்களுக்கு, முடிந்தால் ஏழு வாரம் கழித்து அறுவை சிகிச்சை செய்யலாம் என்று 2021இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. முடிந்தால் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அவசர நோயாளிக்கு அந்த ஏழு வாரம் கிடையாது.

குடும்பத்தாரை வார்டுக்குள் விடாததுதான் எனக்கு மிகவும் கனத்தது. அம்மாவின் தலையைத் திறக்கப்போகிறோம் என்று ஒரு மகனிடம் ஃபோனில் சொல்லிச் சம்மதம் வாங்குவது எந்தப் பயிற்சியிலும் வராத வேலை.

கேள்வி: இன்னொரு பெருந்தொற்று வந்தால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது? – அதே வாசகி

பதில்: பல வருடத்து முதுகுவலி காத்திருக்கும். அந்த வலியோடு சிறுநீர் நின்றுவிட்டாலோ, தொடைகளின் உட்புறம் மரத்தாலோ அன்றைக்கே வாருங்கள். வாழ்நாளில் வராத தலைவலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், அடிபட்டபின் வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். நோயாளி ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதன் பெயரை ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.