ஹிட்ச்காக் தொடரும் ஓர் ஏமாற்றமும்: கேள்வி பதில்

கேள்வி: சார், 'தி ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அவர்' (Hour) என்ற பழைய தொலைக்காட்சித் தொடரில், திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கே இயக்கியது என்பதால் 'ஐ சா தி ஹோல் திங்' அத்தியாயத்தைப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?

பதில்: அதெல்லாம் இல்லை, அது சுமாரான அத்தியாயம்தான். முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1962 அக்டோபர் 11 அன்று ஒளிபரப்பானது. தொடக்கம் பிரமாதம். ஒரு காரும் மோட்டார் சைக்கிளும் மோதுகின்றன. சாட்சிகளின் முகங்களை ஒவ்வொன்றாக அப்படியே உறையவைத்துக் காட்டுகிறார். அப்புறம் கதை நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட, ஜான் ஃபோர்சைத் நடிக்கும் மர்மக்கதை எழுத்தாளர் தன் வழக்கில் தானே வாதாடி, சாட்சிகளில் ஒருவர்கூட முழுதாகப் பார்க்கவில்லை என்று காட்டுகிறார். முதல் சாட்சியிலேயே நமக்கு விஷயம் புரிந்துவிடுகிறது, ஆனால் வரிசை நிற்பதில்லை. கடைசியில், காரை ஓட்டியது கர்ப்பிணியான அவர் மனைவி என்று தெரிகிறது.

கோளாறு இங்கேதான். அதே 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஹிட்ச்காக் சொன்ன விளக்கம் இது: மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம். மனைவிதான் ஓட்டினார் என்று நமக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், ஒவ்வொரு சாட்சி கூண்டேறும்போதும் 'இவர் அந்தப் பெண்ணைப் பார்த்திருப்பாரோ' என்று துடித்திருப்போம். அந்தத் துடிப்பு மொத்தமும் வீணாகிவிட்டது.

கேள்வி: எல்லா அத்தியாயங்களும் அவர் இயக்கியவைதானே?

பதில்: இல்லை. 1955 முதல் 1962 வரை வந்த அரைமணி நேர 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' 268 அத்தியாயங்களில் அவர் இயக்கியவை 17. அதன்பின் 1965 வரை வந்த ஒரு மணி நேரத் தொடரின் 93இல் இது ஒன்றுதான். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் வந்து பேசுகிறார் என்பதால் இயக்கமும் அவருடையது என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: மறைத்ததைக் குறையாகச் சொல்கிறீர்களே, ஹிட்ச்காக் தன் 'சைக்கோ' படத்திலும் மறைக்கத்தானே செய்தார்?

பதில்: நல்ல கேள்வி. 'சைக்கோ'வில் ஒன்றை மறைத்தார், ஆனால் பயப்படுவதற்கு வேண்டியதை எல்லாம் கொடுத்தார். நாயகி மேரியன் திருடிய 40,000 டாலரோடு ஓடும்போது போலீஸ்காரர் கார் கண்ணாடியைத் தட்டினால் நம் வயிறு கலங்குகிறது. துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் மாடிப்படி ஏறும்போது மேலே ஆபத்து இருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீதிமன்றக் கதையில் அப்படி ஒரு படிக்கட்டு காட்டுங்கள் பார்ப்போம். ஃபோர்சைத் சிறைக்குப் போவாரா என்ற கவலை மட்டும் இருக்கிறது. அவரே நிதானமாக இருப்பதால் அதுவும் ஏறவில்லை.

கேள்வி: ஒரு மணி நேரமாக இழுத்ததுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம். ஆனால் அதே நீளத்தில் 1965இல் ஜோசப் நியூமன் இயக்கிய 'ஆன் அன்லாக்டு விண்டோ' குலைநடுங்க வைக்கும். நீளத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

கேள்வி: மனைவியின் குற்றத்தைக் கணவர் ஏற்றுக்கொண்டால் சட்டம் என்ன செய்யும்?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: வண்ணத்தில் வந்த தொடரும் இதுதானா?

பதில்: இல்லை, அது 1985இல் வந்த புதிய தொடர். பழைய தொடர் முழுக்கக் கறுப்பு வெள்ளை.

கேள்வி: அண்ணா, அவரே இயக்கியதில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1958இல் வந்த 'லேம் டு தி ஸ்லாட்டர்'. பார்பரா பெல் கெடிஸ் கொலைசெய்வதை நாம் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறோம். மிச்ச நேரம் முழுக்கப் போலீசாருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். கதைச்சுருக்கம் படிக்காமல் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஹிட்ச்காக்தானே இயக்கினார்?

பதில்: இரண்டாவது கேள்வியைப் படியுங்கள். ஒவ்வொன்றின் டைட்டிலிலும் இயக்குநர் பெயர் இருக்கிறது.

கேள்வி: 'சைக்கோ' பற்றிக் கேட்டவன்தான். நீதிமன்றக் கதையை மறுபடி பார்த்தால் ஃபோர்சைத்தின் நிதானத்துக்குக் காரணம் புரிகிறது. அதுவும் ஒரு சுவைதானே?

பதில்: சுவைதான். இரண்டாம் முறை நீங்கள் ரசித்ததற்குக் காரணமே, ரகசியம் முன்பே தெரிந்திருந்ததுதான். அதை முதல் முறையே கொடுத்திருக்கலாம் என்கிறேன்.