காசும் கேஷும், சின்னப்பரும் பவுலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற சொல் நம் ‘காசு’ என்பதிலிருந்து பிறந்தது என்று ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டேன். அது உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. ஒரே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்தில் இரண்டு ‘கேஷ்’கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் உலகெங்கும் வழங்குவது, பெட்டியைக் குறிக்கும் ‘கப்ஸா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலிய, பிரெஞ்சு வடிவங்களைக் கடந்து 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது பணப்பெட்டியையும் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே பெயராக நின்றுவிட்டது. கடைக்காரர் ‘இன்று நல்ல கல்லா’ என்னும்போது பெட்டியின் பெயர் வசூலுக்கு ஆகிவருவதும் இதே முறையில்தான்.

மற்றொரு ‘கேஷ்’ ஐயத்துக்கு இடமின்றி நம்முடையது. தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலேயரிடம் சென்று, தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு செப்பு நாணயங்களுக்குப் பெயராயிற்று. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கு. 1808-ஆம் ஆண்டுச் செப்பு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒருபுறம் கம்பெனியின் சின்னமும், மறுபுறம் பாரசீக எழுத்துகளும், அவற்றின் கீழே இருபதைக் குறிக்கும் ரோமன் எண்ணுடன் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் தெரியும். அந்த நாணயங்களை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி உடைந்தது. கடலடியில் கிடந்த காசுகளில் ஏராளமானவை பிற்காலத்தில் மீட்கப்பட்டன. உள்ள உறவே இவ்வளவு உறுதியாக இருக்கும்போது, ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக மற்றச் சொல்லுக்கும் உரிமை கோருவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: என் தாத்தாவை ஊரில் எல்லோரும் சின்னப்பன் என்றே அழைத்தார்கள். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ‘பவுலுஸ்’ என்று இருக்கிறது. இரண்டு பெயர்கள் வைத்தார்களா?

பதில்: இல்லை, இரண்டும் ஒரே பெயர்தான். ‘பவுலுஸ்’ என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள்; அதை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்துச் ‘சின்னப்பர்’ என்று வழங்கினார்கள் தமிழ்க் கத்தோலிக்கர்கள். ஆங்கிலத்தில் ‘பால்’ எனப்படுவதும் இதுவே. ‘ஜான்’ என்பதன் மூலமான ‘யோஹானான்’ என்ற எபிரேயப் பெயர் ‘கடவுள் அருள்செய்தார்’ என்று பொருள்படுவதால் அவர் அருளப்பர் ஆனார். ‘ஸ்டீபன்’ என்பதன் கிரேக்க மூலத்துக்கு முடி என்றும் வெற்றிமாலை என்றும் பொருள் இருப்பதால் அவர் முடியப்பர் ஆனார். சீர்திருத்தச் சபையாரோ பவுல், யோவான், ஸ்தேவான் என்று ஒலியையே பின்பற்றினர். இத்தாலியிலிருந்து வந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, வீரமாமுனிவர் ஆவதற்கு முன் தைரியநாதர் என்று அறியப்பட்டதும் இவ்வழியில்தான். ‘கொன்ஸ்தான்சோ’ என்பதில் மனவுறுதி என்ற பொருள் அடங்கியிருக்கிறது. ஒரு பெயரின் உட்பொருளைத் தேடிப் பிடித்து, ஊரார் நாவில் இயல்பாக உட்காரும் சொல்லைக் கண்டெடுத்த அந்தப் பழைய தலைமுறையினரின் மொழியறிவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குச் சின்னப்பன் என்றே பெயரிடலாம்; பழமை என்று தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: ‘நிக்நேம்’ என்பதில் வரும் ‘நிக்’ யார்?

பதில்: அப்படி ஒருவர் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஏக்’ என்றால் கூடுதல். ‘ஏக்நேம்’ என்பது இயற்பெயரோடு கூடுதலாக ஒட்டிய பெயர். அதன் முன் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஆன்’ என்ற சுட்டு வரும்போது, சுட்டின் இறுதியிலுள்ள ‘ன்’ ஒலியை மக்கள் பெயரோடு சேர்த்துக் கேட்டு ‘நேக்நேம்’ ஆக்கினார்கள்; அதுவே பின்னர் ‘நிக்நேம்’ ஆயிற்று. இதற்கு நேர்மாறாக, ‘நம்பையர்’ போன்று ஒலித்த பழைய சொல் தன் முதல் ஒலியைச் சுட்டிடம் இழந்து, கிரிக்கெட் திடலில் நிற்கும் ‘அம்பையர்’ ஆனது. இரு தரப்புக்கும் சமமில்லாத மூன்றாமவர் என்பதே அதன் மூலப்பொருள்.

கேள்வி: ‘குட்பை’ என்பதில் ‘பை’ எதைக் குறிக்கிறது?

பதில்: ‘கடவுள் உம்மோடு இருப்பாராக’ என்ற ஆங்கில வாழ்த்து தேய்ந்து வந்ததன் கடைசி மிச்சம் அது, ‘குட் டே’ போன்ற வாழ்த்துகளின் சாயலால் முன்னிருந்த கடவுள் ‘குட்’ ஆகிவிட்டார்.

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு வனெசா என்று பெயர் வைத்திருக்கிறோம். கிரேக்கத்தில் பட்டாம்பூச்சி என்று பொருளாமே?

பதில்: பெயர் அழகானது, சொல்லப்படும் பொருள்தான் தவறு. பழைய கிரேக்கத்தில் பட்டாம்பூச்சிக்கு வழங்கிய சொல் ‘ப்சுகே’. உயிருக்கும் அதுவே பெயர். வனெசா என்பது எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தாமே கட்டிய பெயர். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற தம் தோழியின் குடும்பப் பெயரிலிருந்து ‘வான்’ என்பதை எடுத்து, எஸ்தருக்குரிய செல்லப்பெயரான ‘எஸ்ஸா’வோடு இணைத்து, அவரைப் பற்றிய கவிதையில் வைத்தார். அந்தக் கவிதை, எஸ்தர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1726-இல் அச்சேறியது. பூச்சியியலாளர் ஃபாப்ரீசியுஸ் பட்டாம்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு இதே பெயரைச் சூட்டியது 1807-இல். ஆகவே பட்டாம்பூச்சிக்கு முன்பே அந்தப் பெயர் ஒரு பெண்ணுக்கு உரியதாக இருந்தது என்று உங்கள் மகள் வளர்ந்து கேட்கும்போது சொல்லுங்கள்.