முன்பணம் வாங்கிய வேட்டை ஏற்பாட்டாளர் வாரக்கணக்கில் ஏன் பதில் தருவதில்லை?

காரைக்குடியிலிருந்து அமெரிக்கா போன பிள்ளை அலாஸ்கா வேட்டைக்குப் பணம் கட்டிவிட்டு, பதில் வராமல் தவிப்பதாகக் கேட்டிருந்தார்கள்.

வேட்டை ஏற்பாட்டாளர் என்றால் வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு எல்லாம் தந்து காட்டுக்குள் கூட்டிப்போகிறவர். சிறு விமானத்தில் போய் இறங்கும் அந்த இடங்களில் செல்போன் கோபுரமே கிடையாது. கையிலிருப்பது செயற்கைக்கோள் கருவி. பெரும்பாலும் ஒரு செய்திக்கு 160 எழுத்துதான். மலை மறைத்தால் அதுவும் போகாது. பேட்டரியையும் ஆபத்து நேரத்துக்கென்று மிச்சம் பிடிப்பார்கள்.

நம்ம ஊர்க் கல்யாணச் சமையல்காரர் முகூர்த்த நாளில் போனை எடுப்பாரா? பட்டியலெல்லாம் முன்பே பேசி முடித்ததுதானே. அதுபோல வேட்டை உரிமம், விமானத்தில் கொண்டுபோகும் சுமையின் எடை, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை வேட்டைக் காலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அவர் காட்டில் இருக்கும்போது ஊரில் போனை எடுக்கும் ஆள் யார் என்றும் கேட்டுவையுங்கள்.

வேட்டை சீசனான ஆகஸ்ட், செப்டம்பரில் பதில் இல்லையென்றால் உடனே மோசடி என்று அர்த்தமில்லை. சீசன் முடிந்து ஊர் திரும்பியும் வாய் திறக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.