கால் தளர்ந்தால் கண் எவ்வளவு தாங்கும்?

நிற்கும்போது வரும் தள்ளாட்டம் பற்றி மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும், பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்களும்.

முலுண்டிலிருந்து: மேடம், தினமும் லோக்கல் ரயில்ல சிஎஸ்டி ஸ்டேஷன் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போறேன். இறங்கினதும் கொஞ்ச நேரம் நிலையா நிக்க முடியல. வண்டி ஆட்டமா, கால் சோர்வா?

ரெண்டும் உண்டு, கெண்டைக்காலின் பங்கு பெரியது. நிற்கும்போது உடல் எடை கணுக்காலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இறங்குகிறது. முன்னே சாயாமல் இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை, அதனால் சும்மா நின்றாலும் அதற்கு வேலை இருக்கிறது. களைத்துப்போனால் பலம் குறைவதோடு, கணுக்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குப் போகும் தகவலும் மங்குகிறது. சாய்வது தாமதமாகத் தெரியும், திருத்தம் தேவைக்கு மேல் போகும், ஆட்டம் பெரிதாகும். உட்கார்ந்தால் கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வண்டியில் கதவைப் பார்த்து, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். பிரேக் போட்டால் தள்ளுவது உங்கள் பக்கவாட்டில்தான். இடுப்பும் தொடையும் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொள்ளும், கெண்டைக்காலுக்குச் சுமை குறையும். முட்டியை விறைக்க வேண்டாம். காலை ஃபாஸ்ட் வண்டியில் கால் விரிக்க இடம் ஏது என்பீர்கள். அங்கே விழவும் இடம் கிடையாது.

மாட்டுங்காவிலிருந்து: கண்ணை அசைச்சா தள்ளாட்டம் கூடுமா?

எப்படி அசைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வை சட்டென்று தாவினால் ஆட்டம் பொதுவாகக் கூடாது, சற்றுக் குறையவும் செய்யும். தாவும் அந்தக் கணத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை ஒதுக்கிவிடுகிறது. நகரும் பொருளை விடாமல் பின்தொடர்வதுதான் சிக்கல். பின்னணி முழுவதும் விழித்திரையில் எதிர்த்திசையில் வழுக்கும்; நகர்ந்தது கண்ணா உடம்பா என்று மூளை பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சோர்ந்த காலோடு நிற்கும்போது அசையாத ஒன்றை, அதுவும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருப்பதைப் பாருங்கள். உடம்பு அதே அளவு ஆடினாலும் பக்கத்துப் பொருளின் பிம்பம் அதிகம் நகரும், மூளைக்குச் சீக்கிரம் தெரியும். தூரத்துக் கட்டடத்தை வெறித்துப் பார்ப்பதில் அந்த உதவி கிடைக்காது.

தாதரிலிருந்து: நிக்காம போற ஃபாஸ்ட் வண்டியைப் பார்த்தா உடம்பே இழுக்குதே?

பார்வைப் பரப்பு மொத்தமும் ஓடினால், தானே நகர்வதாக மூளை எடுத்துக்கொண்டு உடம்பைச் சாய்க்கும். மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் தள்ளி நின்று, தூணைப் பாருங்கள்.

செம்பூரிலிருந்து: அப்பாவுக்கு 68 வயசு, சர்க்கரை இருக்கு. முகம் கழுவக் கண்ணை மூடினா முன்னால சாயறாங்க. கண் திறந்திருந்தா ஒண்ணுமில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ரோம்பர்க் விவரித்த அறிகுறி இது. உள்ளங்கால் உணர்வு குறைந்து, கண்ணை நம்பியே நிற்கிறார். மருத்துவரிடம் பாத உணர்வுப் பரிசோதனை கேளுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முகம் கழுவும்போது உட்கார ஸ்டூல், சுவரில் கைப்பிடி, ராத்திரி பாத்ரூம் வழியில் விளக்கு.

செட்டாநகரிலிருந்து: முருகன் கோயில் 108 படியும் ஏறிடறேன். இறங்கும்போதுதான் பயம். பைஃபோகல் போட்டிருக்கேன்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. சீக்கிரம் நடுங்க ஆரம்பிக்கும். அதோடு கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது, படி அதற்கு அப்பால் இருப்பதால் விளிம்பு மங்கும். தாடையை இறக்கி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள். மேலே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் தொடையும் தெளியும்.

சயானிலிருந்து: கால் சோர்வு என் சமநிலையை எவ்வளவு பாதிக்குதுன்னு வீட்டிலேயே பார்க்கலாமா?

ஏற்கெனவே விழுந்திருந்தாலோ தலைசுற்றல் இருந்தாலோ வேண்டாம். மற்றவர்கள் சுவர் மூலைக்கு முதுகைக் காட்டி, முன்னால் நாற்காலி போட்டு, ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் செய்யலாம். ஒரு பாதத்தின் குதிகால் மறுபாதத்தின் விரலைத் தொட நேர்க்கோட்டில் நின்று 30 விநாடி பாருங்கள். பிறகு கண்ணை மூடி அதே 30. கண் திறந்தே 10 விநாடி நிற்க முடியாவிட்டால் அங்கேயே நிறுத்தி, நிபுணரைப் பாருங்கள். அடுத்து நாற்காலியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்: ஏற 2 விநாடி, இறங்க 2 விநாடி, முழு உயரம் எட்ட முடியாத வரைக்கும். உடனே அதே சோதனை. கண் திறந்த நேரம் அப்படியே இருந்து, மூடிய நேரம் மட்டும் சரிந்தால், சோர்வைக் கண் ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். பலர் ரெண்டு நிமிஷம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சோதிக்கிறார்கள். அதற்குள் கால் பாதி தேறிவிடும், வித்தியாசம் தெரியாது.

காட்கோபரிலிருந்து: கண்ணுக்குன்னு பயிற்சி இருக்கா?

கை நீளத்தில் ஒரு எழுத்தை ஒட்டி, பார்வையை அதிலேயே வைத்து, தலையை மட்டும் இடவலமாக 30 விநாடி திருப்புங்கள். முதலில் உட்கார்ந்து, பழகினபின் நின்று. எழுத்து கலங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள். குதிகால் பயிற்சி முடித்த கையோடு செய்யாதீர்கள். சமநிலைப் பயிற்சி முதலில், தசைப் பயிற்சி பிறகு.